துக்க வீட்டில் துதியை அவசரப்படுத்தலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தைப் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். கிறிஸ்தவ வாழ்வைப் பற்றி அப்பக்கத்தில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை, துன்பத்தில் இருந்தவர் ஜெபித்தார், துன்பம் நீங்கியது, அவர் தேவனைத் துதித்தார் என்ற ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன. நோய் தீர்ந்தவரும் கடன் அடைந்தவரும் நன்றி சொல்வது இயல்பு. அதில் குறை காண எதுவுமில்லை. ஆனால் நோய் தீராமல் இறந்துபோனவரின் மனைவியும், கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் தாயும் அதே ஆலயத்தில்தான் ஞாயிறுதோறும் வந்து அமர்கிறார்கள். அவர்கள் எதைச் சொல்லி ஆராதிப்பது என்ற கேள்விக்கு நம் பிரசங்க பீடங்களும் சரி, பத்திரிகைகளும் சரி, போதிய இடம் தருவதில்லை என்பதே என் வருத்தம்.

இழப்பின் நடுவில் தேவனை ஆராதிப்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் மையமான காரியங்களில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த ஆராதனையில் அழுகைக்கும் முறையீட்டுக்கும் வேதாகமம் கொடுத்திருக்கும் இடத்தை நாம் சிறுகச் சிறுகப் பறித்துவிட்டோம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். எங்கள் பகுதியில் அடக்கம் முடிந்து சில நாள்களில் வீட்டில் ஆறுதல் ஜெபக்கூட்டம் நடத்துவது வழக்கம். இக்காலத்தில் அக்கூட்டங்களில் பேசுவோர் பலர், கணவனையோ பிள்ளையையோ இழந்தவரை நோக்கி, ‘இனி அழக்கூடாது, ஸ்தோத்திரம் சொல்லுங்கள்’ என்று அன்போடு, ஆனால் விடாமல், வற்புறுத்துகிறார்கள். சில வாரங்களுக்குள் சபையின் முன் நின்று அவர் சாட்சியும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். கண் கலங்காமல் நிற்பவரை ‘விசுவாசத்தில் பலமானவர்’ என்று பாராட்டும் வாய்கள், ஓராண்டு கழிந்தும் அழுகிறவரைப் பற்றி வேறு விதமாகப் பேசுகின்றன.

இப்படிப் பேசுவோர் பெரும்பாலும் கையில் எடுப்பது யோபு புத்தகத்தின் முதல் அதிகாரத்தை. ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்’ என்ற அந்த வசனம், ஆங்கிலிக்கன் மரபில் வந்த அடக்க ஆராதனை முறைமையின் தொடக்க வசனங்களில் ஒன்றாகவே இருக்கிறது. ஒரே நாளில் பிள்ளைகள் பத்துப் பேரையும் ஆஸ்தி முழுவதையும் இழந்த மனிதன் தரையில் விழுந்து பணிந்து சொன்ன வார்த்தை அது. அதன் கனத்தை யாரும் குறைக்க முடியாது. ஆனால் புத்தகம் அங்கே முடிந்துவிடவில்லை. நாற்பத்திரண்டு அதிகாரங்களில் அது முதலாவது மட்டுமே. அடுத்த அதிகாரத்தின் இறுதியில் நண்பர்கள் மூவர் வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், இரவுபகல் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாம் அதிகாரத்தில் யோபு வாய் திறக்கும்போது தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அதற்குப் பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட அதிகாரங்களுக்கு வாக்குவாதம் நீள்கிறது. இடையிடையே யோபு தன் நண்பர்களை விட்டுத் திரும்பித் தேவனை நோக்கியே வழக்காடுகிறான்.

‘அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்’ என்ற பதின்மூன்றாம் அதிகார வசனத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அவ்வசனத்தின் பின்பாதி, ‘ஆனாலும் என் வழிகளை அவருக்கு முன்பாக ரூபகாரம்பண்ணுவேன்’, அதாவது என் பக்கத்து நியாயத்தை எடுத்து வாதாடுவேன், என்று வருகிறது. நம்பிக்கையும் வழக்கும் ஒரே மூச்சில் வந்த வாக்கியம் அது. நாம் முன்பாதியை மட்டும் அச்சிட்டுச் சட்டம் போட்டுக்கொள்கிறோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புத்தகத்தின் கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொள்வது யோபின்மேல் அல்ல, தேவனுக்காகப் பரிந்து பேசிய நண்பர்கள்மேல். தம்மைக் குறித்து யோபு பேசினதுபோல் அவர்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்பதே அவர் தீர்ப்பு. ஏழு நாள் வாய் மூடி உட்கார்ந்திருந்த வரையில் அந்த நண்பர்கள் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகே கெட்டது. துக்க வீட்டுக்குப் போகிற போதகர்களும் சபை மூப்பர்களும் இந்தப் பகுதியை ஒருமுறை பொறுமையாக வாசித்துவிட்டுப் புறப்பட்டால் நல்லது.

யோபை விட்டுச் சங்கீதங்களுக்கு வந்தாலும் இதே நிலைதான். நூற்றைம்பது சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள். ‘கர்த்தாவே, எதுவரைக்கும்’ என்று பதின்மூன்றாம் சங்கீதம் தொடங்குகிறது. எண்பத்தெட்டாம் சங்கீதமோ தொடக்கத்தில் தேவனை ‘என் இரட்சிப்பின் தேவன்’ என்று அழைத்ததோடு சரி. அதன் பிறகு ஓர் ஆறுதல் வரிகூட இல்லாமல், சிநேகிதர் விலகிப்போனதையும் சூழ்ந்த இருளையும் சொல்லி அப்படியே முடிந்துவிடுகிறது. இது தேவாலயத்தில் பாடுவதற்கென்று பாடகர் குழுவான கோராகின் புத்திரரிடம் கொடுக்கப்பட்ட சங்கீதம் என்பதை அதன் தலைப்பே சொல்கிறது. தனி மனிதர் ஒருவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுத அழுகையாக அது விடப்படவில்லை. கூடி வந்த சபை வாய்விட்டுப் பாடும் பாட்டாக வைக்கப்பட்டது. இன்று நம் ஆராதனைகளில் அச்சங்கீதம் வாசிக்கப்படுவதை நான் கேட்டதே அரிது. ‘அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்’ என்ற ஆபகூக் தீர்க்கதரிசியின் பாட்டு மட்டும் ஆண்டுதோறும் எங்காவது பிரசங்கமாகிறது. மூன்றே அதிகாரமுள்ள அச்சிறு புத்தகம், ‘நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே’ என்ற குற்றச்சாட்டோடுதான் தொடங்குகிறது என்பதைச் சொல்வார் இல்லை.

கிறிஸ்துவையே எடுத்துக்கொள்வோம். கடைசி இராப்போஜனம் முடிந்ததும் அவரும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் புறப்பட்டதாக மத்தேயு எழுதுகிறார். பஸ்கா பந்தியில் பாடும் வழக்கமுள்ள 113 முதல் 118 வரையிலான சங்கீதங்களின் இறுதிப் பகுதியாக அது இருந்திருக்கும் என்பது மரபு. அந்தப் பாட்டு நின்று அதிக நேரம் ஆகியிராது, கெத்செமனேயில் அவர், ‘என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது’ என்கிறார். மறுநாள் சிலுவையில் இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் வரியைக் கூப்பிட்டுச் சொல்கிறார்: ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?’ துதித்த வாயும் கதறிய வாயும் ஒன்றே. துதித்ததனால் கதறல் அவருக்கு விலக்கப்படவில்லை. கதறியதனால் துதி பொய்யாகவுமில்லை. லாசருவை எழுப்பப் போவதை அறிந்திருந்தும் அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டவர் அவர். உயிர்த்தெழுதலின் நம்பிக்கை இருப்பவன் அழக்கூடாது என்று யாரேனும் சொன்னால், அந்த விதி முதலில் அவரையல்லவா குற்றப்படுத்தும்?

இவை ஏட்டளவில் பேசிவிட்டுப் போகிற காரியங்கள் அல்ல, குறிப்பாக எங்கள் குமரிக் கடற்கரையில். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்களைச் சுனாமி கொண்டுபோனது; அவர்களில் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாண்டனர். வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை வந்திருந்தோரும் அதில் உண்டு. இங்கே குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்களில் பெயர் சொல்லி அடக்கம் செய்ய நேரமில்லாமல் பலரை ஒரே குழியில் புதைத்தார்கள். ஒவ்வொரு டிசம்பர் 26ஆம் தேதியும் அக்கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், திருப்பலி நடக்கிறது, கடலில் மலர் தூவுகிறார்கள். முந்தின நாள் அதே ஊர் ‘உன்னதங்களிலே இறைவனுக்கு மாட்சிமை’ என்று பாடியிருக்கும். இந்த இரண்டு நாள்களையும் அடுத்தடுத்துச் சுமக்கும் அந்த மக்களிடம் ஆராதனையைப் பற்றி நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஏராளம். அவர்களுக்குப் போதிப்பதற்கு நம்மிடம் இருப்பது மிகக் குறைவு.

சுனாமியைத் தேவ தண்டனை என்று விளக்கியவர்களும் அப்போது இருந்தார்கள். சீலோவாமிலே கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கிறிஸ்து கேட்ட கேள்விக்குப் பிறகு இதைப் பற்றி நான் எழுத எதுவுமில்லை.

ஒக்கிப் புயலின் துக்கம் இன்னொரு வகை. 2017 நவம்பர் 30ஆம் தேதி அப்புயல் குமரியைத் தாக்கியபோது, ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களின் ஆண்கள் கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களைச் சென்று சேரவில்லை. டிசம்பர் 3ஆம் தேதி திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. வருகைக்காகக் காத்திருக்கும் அந்த வழிபாட்டில், வராதவர்களுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் முழந்தாளிட்டன. கேரளக் கரையிலும் கடலிலும் கிடைத்த உடல்கள் பலவற்றை மரபணுச் சோதனை செய்துதான் அடையாளம் காண முடிந்தது. பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. காணாமற்போன ஒருவரை இறந்தவராகக் கருத ஏழு ஆண்டுகள் கழிய வேண்டும் என்ற சாட்சியச் சட்டத்தின் விதியை அரசு இதற்காகத் தளர்த்தி, குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. கோப்பு அப்படி முடிவுக்கு வந்தது. பெட்டியும் குழியும் இல்லாத ஒரு மரணத்துக்கு எந்த ஜெபத்தைச் சொல்வது, எந்த நாளை நினைவு நாளாக வைப்பது என்ற திகைப்பு வீடுகளில் தங்கிவிட்டது.

அந்த டிசம்பர் 7ஆம் தேதி கடலோர ஊர்களின் ஆண்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் நடந்து வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். பங்குத்தந்தையரும் அவர்களோடு இருந்தார்கள். தேடுதலை விரிவுபடுத்துங்கள் என்பதே கோரிக்கை. ஜெபிக்க வேண்டிய மக்கள் மறியல் செய்யலாமா என்று அன்று கேட்டவர்களை நான் அறிவேன். ‘கர்த்தாவே, எதுவரைக்கும்’ என்று ஆலயத்தில் கேட்கக் கற்றவர்கள்தாம் ஆட்சியரிடமும் அமைச்சரிடமும் அதையே கேட்கத் துணிந்தார்கள் என்று நான் நினைக்கிறேன். நடந்தது எதுவானாலும் உடனே ஸ்தோத்திரம் சொல்லிவிட வேண்டும் என்று பழக்கப்பட்ட சபை, எச்சரிக்கை ஏன் போய்ச் சேரவில்லை என்று கேட்காது. மனிதர் தவறியதால் நேர்ந்த இழப்பையும் தேவ சித்தம் என்று சொல்லி மூடிவிடும். கொடுத்தவரும் எடுத்தவரும் கர்த்தர் என்ற வசனம், கடமையில் தவறிய அதிகாரிகளுக்கு அரணாக எழுதப்பட்டதன்று.

இலங்கையிலும் இதைக் கண்டோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த பண்டிகை ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன; சீயோனில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பலர். அடுத்த ஞாயிறு கத்தோலிக்க ஆலயங்களில் பொதுத் திருப்பலி இல்லை. கொழும்புப் பேராயர் நிறைவேற்றிய திருப்பலியை மக்கள் தொலைக்காட்சியில் கண்டார்கள். கட்டுவாப்பிட்டியில் உயிர்த்த கிறிஸ்துவின் சுரூபத்தின்மேல் தெறித்த இரத்தத்தை அவர்கள் கழுவிவிடவில்லை. சுரூபத்தைக் கறையோடு கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாக்கிறார்கள். தாக்குதலின் முழு உண்மையும் வெளிவர வேண்டும் என்ற கோரிக்கையையும் அத்திருச்சபை கைவிடவில்லை. இறையியல் கல்லூரியில் ஓராண்டு படித்தாலும் இதைவிடத் தெளிவாகக் கற்றுக்கொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

என் கருத்துக்கு மறுப்பு உண்டு என்பதை அறிவேன். வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலரைத் தேவன் தண்டித்தாரே, முறையீடும் முறுமுறுப்பும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. முறுமுறுத்தவர்கள் தேவனுக்குப் புறம்பே, கூடாரங்களுக்குள் அமர்ந்து, அவரைக் குறித்துத் தங்களுக்குள் பேசினார்கள். எகிப்துக்கே திரும்பிவிடலாம் என்றார்கள். சங்கீதக்காரன் எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் தேவனிடமே பேசுகிறான். வேறெங்கும் போக அவனுக்கு இடமில்லை. கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பாதவன் ‘ஏன்’ என்று யாரிடம் கேட்பான்? ‘எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்’ என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய அதே நிருபத்தில் பவுல், நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றாரே தவிர, துக்கிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று ரோமருக்கு எழுதியதும் அவரே. தம் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதி வைத்தவரும் அவரே.

நீங்காத முள்ளுக்கு நம் மண்ணிலேயே ஒரு சாட்சி உண்டு. திருநெல்வேலிப் பகுதி டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக உழைத்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து காயமடைந்தார். அதன் பிறகு 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே, படுக்கையிலேயே வாழ்ந்தார். அவர் குணமடைய ஜெபித்தவர்கள் பலர், குணம் கிடைக்கவில்லை. அந்த அறையிலிருந்து அவர் எழுதிய எழுத்துகளில் வலி வலியாகவே இருக்கிறது, ஆராதனையும் நிற்கவில்லை. இன்றைய குணமளிக்கும் கூட்டங்களின் கணக்கில் அவர் வாழ்வு தோல்வியாகவே பதிவாகும்.

புலம்பலுக்கு இடம் கொடுப்பது நமக்குப் புதிதும் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் ஊழியம் செய்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழில் எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு, கேட்டவர்கள் வாய்விட்டு அழும்படி அமைந்தது. கடலோரக் கத்தோலிக்க ஊர்களில் அம்மரபு நெடுங்காலம் நிலைத்தது. எங்கள் தென்னிந்தியத் திருச்சபையில் பெரிய வெள்ளியன்று நண்பகல் முதல் மூன்று மணிவரை கிறிஸ்து சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் மும்மணி ஆராதனை இன்னும் இருக்கிறது. ஆனால் அதிலும் ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்ற நான்காம் வார்த்தைக்கு வரும்போது, பிரசங்கிப்பவர்களில் பலர் அந்த ‘ஏன்’ என்ற கேள்வியிடம் நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வெற்றியைச் சொல்லி விரைந்து கடந்துவிடுகிறார்கள். மற்றொரு பக்கம் ஒப்பாரியை நாம் விசுவாசத்துக்கு ஒவ்வாததென்று வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டோம். அதற்குப் பதிலாக ஒலிபெருக்கியும் கீபோர்டும் வந்திருக்கின்றன. எது நல்ல மாற்றம் என்று வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

பிள்ளை சாகக்கிடந்தபோது உபவாசித்து அழுத தாவீது, அது இறந்ததும் எழுந்து குளித்து, எண்ணெய் பூசி, உடை மாற்றி, கர்த்தருடைய ஆலயத்தில் போய்ப் பணிந்துகொண்டான் என்று சாமுவேலின் இரண்டாம் புத்தகம் சொல்கிறது. அது அவன் தானாக எழுந்த எழும்புதல். சுற்றியிருந்த மூப்பர்கள் முன்பு அவனை எழுப்பப் பார்த்தபோது அவன் இணங்கவில்லை. அப்படித் தானாக எழும் வேளை ஒருவருக்கு ஏழாம் நாளில் வரலாம், இன்னொருவருக்குப் பத்தாண்டு கழித்தும் வராமல் இருக்கலாம். அதுவரை அவர் பாட முடியாமல் அமர்ந்திருந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் பாடுவதே அவருக்காகவும் ஏறெடுக்கப்படும் ஆராதனை என்று சபை அவரிடம் சொல்ல வேண்டும். சபை என்று ஒன்று கூடுவதே இதற்காகத்தான் அல்லவா?

எனவே திருச்சபைத் தலைவர்களுக்குத் தங்கள் வாயிலாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். டிசம்பர் 26 நினைவு வழிபாடுகளிலும், நவம்பர் 2 கல்லறைத் திருநாளிலும், வீடுகளில் நடக்கும் ஆறுதல் ஜெபக்கூட்டங்களிலும் முறையீட்டுச் சங்கீதம் ஒன்றை முழுவதும், கடைசி வரி உட்பட, சபையாக வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். வாசித்தபின் சிறிது நேரம் விளக்கம் ஏதும் சொல்லாமல் விடுங்கள். துக்கத்தில் இருப்பவர் தாமாகக் கேட்டாலொழிய அவரைச் சாட்சி சொல்ல அழைக்காதீர்கள்.

தங்களுக்கும் ஒன்று. ஆன்மிகப் பக்கத்தில் குணமடைந்தவர்களின் அனுபவங்கள் தொடர்ந்து வரட்டும். அவற்றோடு, மாதத்துக்கு ஒருமுறையாவது, வேண்டியது கிடைக்காமற்போனபின்பும் ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வந்துகொண்டிருப்பவர்களில் ஒருவரின் அனுபவத்தை, பெயரைக் குறிப்பிடாமலேனும் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். தூத்தூர் முதல் நீரோடி வரை நடந்தால் அப்படிப்பட்டவர்களைத் தேடி அலைய வேண்டியிராது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாகர்கோவில்